உட்பருப்பும் பொதுக் கோப்பறையும்



செம்பனை ஆலையில் வேலை பார்த்த எவரையும் கேட்டுப் பாருங்கள், ‘கெர்னல்’ என்றால் என்னவென்று உடனே சொல்வார். பழக்குலையை நீராவியில் அவித்து, சதையைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு கொட்டை மிஞ்சும். அந்தக் கொட்டையை உடைத்தால் ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். ஓடு கொதிகலனுக்கு எரிபொருளாகப் போகும். பருப்பு வேறோர் ஆலைக்குப் போய் வேறு வகை எண்ணெயாக மாறும். அந்தப் பருப்புக்குத்தான் கெர்னல் என்று பெயர்.

கணினியிலும் ஒரு கெர்னல் உண்டு. அதைச் சுற்றி ஓடும் உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயக்க முறைமை இவ்விரு சொற்களையும் உலகெங்கும் பரப்பியது. நாம் கட்டளைகளைத் தட்டும் மேற்பகுதி ஓடு. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்றெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பது பருப்பு. இந்த உரையில் அதை உட்பருப்பு என்றே சொல்லப் போகிறேன்.

பல கணினிகள் ஒரே கோப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இந்த உட்பருப்புக்குள் எப்படிப் புகுந்தது, அதை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தீர்மானிக்கும் உரிமை எப்படிச் சாதாரண மனிதர்கள் கைக்கு வந்தது என்பதே இன்றைய உரையின் பொருள். இது நமக்கு எதற்கு என்று லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நினைக்கலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தின் படி, அடையாள அட்டை எண், உதவித்தொகைப் படிவத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த சம்பள விவரம் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிப் பழகும் கணினி அறையிலிருந்து அந்த அலுவலகக் கணினிக்குப் பெரும்பாலும் ஒரே கம்பிதான் போகிறது. அந்தக் கம்பியின் வழி எது வரலாம், எது போகலாம் என்பதை முடிவு செய்வது இந்த ஏற்பாடுதான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1980களின் தொடக்கத்தில் கணினிகளுக்குள் கோப்புகளைச் சேமித்து வைக்கும் வட்டுகள் மிக விலை உயர்ந்தவையாக இருந்தன. ஓர் அலுவலகத்தில் இருபது மேசைக்கு இருபது கணினி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது. அன்றியும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டுமானால் நாடாவிலோ பிளாப்பியிலோ ஏற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். 1982இல் கலிபோர்னியாவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. தொடங்கிய நால்வரில் ஒருவர் புனே நகரில் பிறந்த வினோத் கோஸ்லா. இந்நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். வட்டு ஒரு பெரிய கணினியில் மட்டும் இருக்கட்டும். மற்றக் கணினிகள் கம்பி வழியாக அதையே தங்கள் சொந்த வட்டுப் போலப் பயன்படுத்தட்டும் என்றார்கள். இதற்கு நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக என்.எஃப்.எஸ். 1984இல் உருவாகி, 1985இல் வெளியுலகுக்கு வந்தது. அதே 1984ஆம் ஆண்டில்தான் நம் கெடா மாநிலத்தில் வட மலேசியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பொன்றும் இல்லை. ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள மாணவர்களுக்கு உதவும் என்பதற்காகச் சொன்னேன்.

ரசல் சாண்ட்பர்க் என்பவரும் அவருடைய தோழர்கள் நால்வரும் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று விளக்கினார்கள். அதன் நுட்பத்தை ஒரு தோட்டக் கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நாம் கடைக்குப் போய் இரண்டு கிலோ அரிசி கேட்கிறோம். கடைக்காரர் அந்த அரிசியைத் தம் பின்கட்டிலிருந்து எடுக்கிறாரா, சுங்கைப்பட்டாணி மொத்தக் கடையிலிருந்து வரவழைக்கிறாரா என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நாம் கேட்கும் விதம் ஒன்றுதான். அதுபோலவே, கணினியில் ஓடும் ஒரு நிரல் “இந்தக் கோப்பைத் திற” என்று உட்பருப்பிடம் கேட்கிறது. உட்பருப்புக்குள் இவர்கள் ஓர் இடைத்தரகரை வைத்தார்கள். கோப்பு இங்கேயே இருந்தால் தரகர் உள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார். வேறு கணினியில் இருந்தால் கம்பி வழியே சீட்டு அனுப்பி வரவழைத்துக் கொடுப்பார். பழைய நிரல்களில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த இடைத்தரகர் உட்பருப்புக்கு வெளியே நின்றிருந்தால் எல்லா நிரல்களையும் திருத்தி எழுத வேண்டி வந்திருக்கும். கோப்புப் பங்கீடு உட்பருப்புக்குள் போனதற்கு முதற்காரணம் இதுவே.

கோப்பை வைத்துக் கொடுக்கும் கணினியை வழங்கி என்றும், கேட்டு வாங்கும் கணினியை வாங்கி என்றும் சொல்வோம். சன் பொறியாளர்கள் செய்த இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வழங்கிக்கு ஞாபகமே வேண்டாம் என்று வைத்தார்கள்! தோட்டத்து ஸ்டோரில் ஒரு கிராணி இருக்கிறார் என்று வையுங்கள். யார் வந்தார், யார் போனார், யார் பாதி மூட்டை வாங்கிவிட்டு மீதிக்குக் காத்திருக்கிறார் என்று அவர் எதையும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. வருகிறவர் ஒவ்வொரு முறையும் “இன்ன மூட்டையில், இன்ன இடத்திலிருந்து, இவ்வளவு” என்று முழு விவரமும் எழுதிய சீட்டைக் கொண்டு வர வேண்டும். கிராணி இடையில் மயங்கி விழுந்து எழுந்தாலும் கவலையில்லை. அதே சீட்டை மறுபடி நீட்டினால் போதும், வேலை தொடரும். மின்சாரம் போய்வரும் இடங்களில் இது எவ்வளவு பெரிய வசதி என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இதே காலத்தில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் ஆர்.எஃப்.எஸ். என்ற போட்டி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் வழங்கிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். யூனிக்ஸின் இலக்கணத்தை அது இம்மியும் பிசகாமல் காப்பாற்றியது. ஆனால் வழங்கி விழுந்து எழுந்தால் கணக்கு முழுதும் குழம்பிவிடும். அதோடு அது யூனிக்ஸ் அல்லாத கணினிகளோடு ஒத்துப்போகவில்லை. சன் நிறுவனமோ தன் ஏற்பாட்டின் விதிமுறைகளை எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டது. போட்டி நிறுவனங்களும் அதை எடுத்துத் தங்கள் கணினிகளில் பொருத்திக்கொண்டன. குறை உள்ளதாயினும் திறந்து வைத்தது பரவியது. நிறைவானதாயினும் மூடி வைத்தது மறைந்தது. கணினி வரலாற்றில் இது பலமுறை நடந்திருக்கிறது.

குறை என்றேன். அது என்ன? ஞாபகமில்லாத கிராணியிடம் ஒரே சீட்டு இரண்டு முறை வந்தால் சில வேலைகளில் தொல்லை. “இந்தக் கோப்பை அழி” என்ற சீட்டு முதல் முறை வந்தபோதே அழித்துவிட்டார். பதில் வழியில் தொலைந்துபோய் அதே சீட்டு மீண்டும் வந்தால், “அப்படி ஒரு கோப்பே இல்லையே” என்கிறார். இதைப் பின்னாளில் ஒருவாறு சரிக்கட்டினார்கள். இன்னொரு தொல்லை, வழங்கி நின்றுபோனால் வாங்கிகள் எல்லாம் சீட்டை நீட்டியபடியே அசையாமல் நின்றுவிடும். கணினி செத்துவிட்டது என்று நினைத்து மாணவர்கள் எல்லாப் பொத்தான்களையும் அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது சாகவில்லை, காத்திருக்கிறது. இவையெல்லாம் சிறு குறைகள்.

பெரிய குறை வேறு. அதைப் புரிந்துகொள்ள நம் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. இருட்டு விலகாத காலையில் எண்ணைச் சொன்னால் கிராணி பேர் போடுவார். பக்கத்தில் மண்டோர் நிற்பார். அவருக்கு எல்லா முகமும் தெரியும். ஆகவே ஏமாற்ற முடியாது. இப்போது பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து “நான் 27” என்கிறார். அவருடைய தோட்டத்தில் அவர் 27தான். ஆனால் நம் தோட்டத்தில் 27 வேறொருவர். முகம் தெரியாத கிராணி எண்ணை மட்டும் நம்பினால், நம் 27ஆம் எண்காரரின் கூலி அவர் கைக்குப் போய்விடும்.

என்.எஃப்.எஸ். செய்தது சரியாக இதைத்தான். யூனிக்ஸில் ஒவ்வொரு பயனாளருக்கும் ஓர் எண் உண்டு. வாங்கிக் கணினி “கேட்பவர் எண் இன்னது” என்று சொன்னால் வழங்கி அதை அப்படியே நம்பியது. எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகத்தின் கையில், பூட்டிய அறைக்குள் இருந்த காலத்தில் இது பொருந்தியது. யார் வேண்டுமானாலும் தம் கணினியைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டலாம் என்ற காலம் வந்தபோது பொருந்தவில்லை. தம் கணினியில் தமக்குத் தாமே எந்த எண்ணையும் வைத்துக்கொண்டு மற்றவர் கோப்பைக் கேட்கலாமல்லவா?

ஒரு தடுப்பு மட்டும் தொடக்க காலத்திலேயே இருந்தது. யூனிக்ஸில் சுழியம் என்ற எண் உள்ளவர் சர்வ அதிகாரம் படைத்தவர், மானேஜர் போல. வேறு கணினியிலிருந்து ஒருவர் “நான் சுழியம்” என்று வந்தால், வழங்கி அவரை ‘நோபடி’ என்ற பெயருக்கு மாற்றிவிடும். நோபடி என்றால் யாருமில்லாதவர். உன் தோட்டத்தில் நீ மானேஜராக இருக்கலாம், இங்கே நீ யாருமில்லை என்று பொருள். மானேஜரை மட்டும் இப்படி நிறுத்தினார்கள்; சாதாரண எண்காரரின் உடைமையைக் காக்க நெடுங்காலம் உருப்படியான வழி செய்யவில்லை என்பது என் வருத்தம். 1989இல் இரண்டாம் பதிப்பின் விதிமுறை பொது ஆவணமாக வெளிவந்தது. 1995இல் மூன்றாம் பதிப்பு பெரிய கோப்புகளுக்கு இடம் தந்தது. அதற்கு முன் 200 கோடி பைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாமல் இருந்தது. 2000ஆம் ஆண்டில் முதலில் வெளியாகி, 2003இல் திருத்தம் பெற்ற நான்காம் பதிப்பில்தான், எண்ணை மட்டும் நம்பாமல் கெர்பரோஸ் போன்ற முறையால் ஆளை உறுதி செய்யும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். அதே பதிப்பில் கிராணிக்குக் கொஞ்சம் ஞாபகமும் கொடுத்தார்கள்.

இனி, உரிமை எப்படிக் கைமாறியது என்பதற்கு வருவோம். இதுவரை சொன்ன கணினிகளில் உட்பருப்பை நிறுவனம் செய்து கொடுக்கும். வாங்கியவர் உள்ளே பெரிதாக எதையும் மாற்ற முடியாது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தாமே ஓர் உட்பருப்பை எழுதி, அதன் மூல வரிகளை உலகுக்குத் திறந்து வைத்தார். அதுவே லினக்ஸ். அடுத்த ஆண்டே ரிக் ஸ்லாட்கி என்பவர் லினக்ஸ் கணினி என்.எஃப்.எஸ். வாங்கியாக இயங்குவதற்கான பகுதியை எழுதினார். வழங்கும் பகுதி மட்டும் சில ஆண்டுகள் உட்பருப்புக்கு வெளியே, ஓட்டுப் பக்கத்தில் ஒரு சாதாரண நிரலாகவே இருந்தது. அது பாதுகாப்பாக இருந்தாலும் வேகம் குறைவு. ஒவ்வொரு துண்டுத் தகவலையும் உள்ளறையிலிருந்து திண்ணைக்குக் கொண்டுவந்து, மறுபடி உள்ளே கொண்டுபோய் அனுப்ப வேண்டியிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓலாஃப் கிர்ச் என்பவர் வழங்கியையும் உட்பருப்புக்குள் எழுதினார். 1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2இல் அது இடம்பெற்றது.

மூல வரிகள் திறந்திருந்ததால், லினக்ஸ் உட்பருப்பை யார் வேண்டுமானாலும் தம் கணினிக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளலாம். ஆக்குவதற்கு முன் அது நம்மிடம் கேள்வி கேட்கும். “என்.எஃப்.எஸ். வாங்கி வேண்டுமா? மூன்றாம் பதிப்பு வேண்டுமா? நான்காம் பதிப்பு? வழங்கி வேண்டுமா?” ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தில் பதில். ஒய் என்றால் ஆம், பருப்போடு சேர்த்தே செய்துவிடு. என் என்றால் வேண்டாம். எம் என்றால், தனித் துண்டாகச் செய்து வட்டில் வை, தேவை வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று பொருள். தொடக்கத்தில் கேள்விகள் வரிசையாக ஒவ்வொன்றாக வரும். ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டால் முதலிலிருந்து வர வேண்டும். பிறகு பட்டியல் வடிவம் வந்தது. 2002இல் ரோமன் சிப்பல் என்பவர் எழுதிய கேகான்ஃபிக் என்னும் முறை ஏற்கப்பட்டு, இன்றளவும் அதுவே இருக்கிறது. எந்தக் கேள்வி எந்தக் கேள்வியைச் சார்ந்தது என்று அதற்குத் தெரியும். வலைப்பின்னலே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கோப்புப் பங்கீட்டுக் கேள்வி உங்கள் கண்ணிலேயே படாது.

எம் என்ற பதில்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று தோன்றும். தேவைப்படும்போது மட்டும்தானே உள்ளே வருகிறது? ஆனால் ஓர் இடத்தில் அது பலிக்காது. வட்டே இல்லாத கணினி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உட்பருப்பைக் கம்பி வழியாகவே வாங்கி நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு எழுகிறது. அடுத்து அதற்கு வேண்டிய எல்லாக் கோப்புகளும், அடிவேரான கோப்பறை உட்பட, வழங்கியில் இருக்கின்றன. அதை எட்ட என்.எஃப்.எஸ். வேண்டும். என்.எஃப்.எஸ். பகுதியை எம் என்று தனித் துண்டாக வைத்திருந்தால் அந்தத் துண்டு எங்கே இருக்கும்? வழங்கியில் உள்ள அதே கோப்பறைக்குள்! அறைச் சாவியை அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஆதலால், ‘வேர்க் கோப்பறை என்.எஃப்.எஸ். வழி’ என்ற தெரிவு வேண்டுமானால், வாங்கிக்கு ஒய் என்றே சொல்லியிருக்க வேண்டும். எம் என்று சொன்னவருக்கு அந்தக் கேள்வியே தென்படாது. தேவையான துண்டுகளை ஒரு சிறு மூட்டையாகக் கட்டி உட்பருப்போடு கூடவே அனுப்பிவைக்கும் முறையும் பிற்பாடு வந்தது. இன்று பலரும் பயன்படுத்துவது அதைத்தான்.

வட்டில்லாக் கணினி என்பது வெறும் புத்தகச் செய்தி அன்று. 1999இல் அமெரிக்காவில் ஜிம் மக்குயில்லன் என்பவர் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. என்ற திட்டம் இந்தத் தெரிவைக் கொண்டே பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது. ஒரு நல்ல வழங்கி, சுற்றிலும் அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகள். ஏழைப் பள்ளிகளுக்கு ஏற்ற ஏற்பாடு. நம் அரசாங்கமும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் லினக்ஸ் கணினிகளைப் பரவலாக வாங்கியது. 2007இல் சென்னை சிடாக் நிறுவனம் தமிழ் முகப்போடு கூடிய பாஸ் லினக்ஸை வெளியிட்டது. ரப்பர்க் காடும் செம்பனையும் சூழ்ந்த நம் கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டு, இண்டல் முதலிய ஆலைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் ஷிப்டு பஸ் ஏறிப் போகத் தொடங்கினார்கள். சில்லு செய்யும் இடம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சில்லுக்கு மேலே ஓடும் உட்பருப்பைப் பற்றி நம் பிள்ளைகளிடம் யாரும் பேசவில்லை. என் மாணவர்கள் சிலரிடம் நான் பேசியதன் விளைவே இந்த உரை என்று சொல்லலாம்.

கோப்புப் பங்கீட்டில் இன்னொரு குலமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். 1983 வாக்கில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் எஸ்.எம்.பி. என்ற முறையை வகுத்தார். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. நாம் விண்டோஸில் ஒரு கோப்புறையைப் ‘பகிர்’ என்று அமுக்கும்போது இயங்குவது இதுதான். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், கம்பியில் ஓடும் தகவல்களைக் கவனித்தே இதன் இலக்கணத்தைக் கண்டுபிடித்து, 1992இல் ஒரு வழங்கியை இலவசமாக வெளியிட்டார். பின்னாளில் அதற்கு சாம்பா என்று பெயர் வந்தது. அது இன்றும் உட்பருப்புக்கு வெளியேதான் இருக்கிறது.

விண்டோஸில் எஸ்.எம்.பி. வழங்கி உட்பருப்புக்குள் இருக்கிறது. அதன் முதற்பதிப்பு பழசாகி, தேவையற்றுப் போன பிறகும் பல கணினிகளில் ‘ஆம்’ என்றே விடப்பட்டிருந்தது. பழைய ஸ்டோரின் பின்கதவு மாதிரி. யாரும் புழங்குவதில்லை, பூட்டுவதும் இல்லை. 2017 மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்ற தீநிரல் அந்தக் கதவு வழியாக உட்பருப்புக்குள்ளேயே புகுந்தது. ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானே தாவி, கோப்புகளை எல்லாம் பூட்டிப் பணம் கேட்டது. 150 நாடுகள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி. பிரிட்டனில் அரசாங்க மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து அந்தப் பழைய முதற்பதிப்பு தானாக நிறுவப்படுவதை நிறுத்தினார்கள்.

லினக்ஸ்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வேகம் வேண்டும் என்ற அதே காரணத்தால் 2021இல் லினக்ஸ் 5.15இல் கே.எஸ்.எம்.பி.டி. என்ற எஸ்.எம்.பி. வழங்கியை உட்பருப்புக்குள் சேர்த்தார்கள். 2022 டிசம்பரில் அதில் இருந்த ஓர் ஓட்டை பற்றிய அறிவிப்பு வெளியானது. ஆபத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பெண் பத்துக்குப் பத்து. திருத்தம் அதற்கு முன்பே ஆகஸ்டில் வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உட்பருப்பை ஆக்கும்போது அந்தக் கேள்விக்கு என் என்று பதில் சொன்னவரின் கணினியில் அந்த ஓட்டை இருக்கவே இல்லை. எம் என்று சொல்லி, துண்டை வட்டில் வைத்து, ஒருநாளும் உள்ளே இழுக்காதவருக்கும் பாதிப்பில்லை. ஒய் என்று சொன்னவரோ வழங்கியைப் பருப்போடு பருப்பாகச் சேர்த்துவிட்டார். இயக்கிவிட்ட பிறகு திருத்தம் வரும்வரை தவிப்புத்தான்.

இப்போது ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் கணினிகள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டு பதில்களைச் சொல்லிப் பார்ப்போம். என்.எஃப்.எஸ். வாங்கி: மாணவர் கணினிகளுக்கு எம் போதும், வட்டில்லாதவையானால் ஒய். இரண்டாம் பதிப்பு: என். அது இப்போது தானாகவே வேண்டாம் என்றுதான் வைக்கப்பட்டிருக்கும், சீண்ட வேண்டாம். நான்காம் பதிப்பு: ஆம், கெர்பரோஸ் பகுதியோடு. வழங்கி: ஒரே ஒரு கணினியில் மட்டும். மற்ற எதிலும் வழங்கி எதற்கு? உட்பருப்புக்குள் எஸ்.எம்.பி. வழங்கி: என். விண்டோஸ் கணினிகளோடு பகிர வேண்டியிருந்தால் வெளியே இருக்கும் சாம்பாவே போதுமானது. வேகத்துக்காக அவசரப்பட வேண்டிய அளவு வேலை ஒரு பள்ளிக்கூடத்தில் இல்லை.

உட்பருப்பைத் தாமே ஆக்குவோர் இன்று குறைவு என்பது உண்மை. ஆயத்தமாகக் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்புகளில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் எம் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அப்போது முடிவெடுக்கும் இடம் வேறொரு கோப்புக்கு மாறுகிறது. வழங்கிக் கணினியில் எக்ஸ்போர்ட்ஸ் என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். ஒரு வரிக்கு ஒரு கோப்புறை. பக்கத்திலேயே அது எந்தக் கணினிகளுக்கு என்ற குறிப்பு. அதன் பக்கத்தில் இரண்டு எழுத்து. ஆர்.ஓ. என்றால் படிக்க மட்டும். ஆர்.டபிள்யூ. என்றால் படிக்கவும் எழுதவும். கணினிகளின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் இருந்தால் வருகிறவர் எல்லோருக்கும் என்று பொருள். சில இடங்களில் அவசரத்துக்கு அந்த நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். மானேஜரை யாருமில்லாதவராக்கும் தடுப்பும் இதே கோப்பில்தான் இருக்கிறது. அது சொல்லாமலே இயங்கும், வேண்டுமென்று நீக்கினால்தான் போகும்.

பாடக் கோப்புறைக்கு ஒரு வரி, ஆர்.ஓ. மாணவர் எழுதிச் சேமிக்கும் கோப்புறைக்கு ஒரு வரி, ஆர்.டபிள்யூ., கணினி அறையின் கணினிகளுக்கு மட்டும். பிறப்புப் பத்திரமும் சம்பள விவரமும் உள்ள அலுவலகக் கோப்புறைக்கு அந்தக் கோப்பில் வரியே இருக்கக்கூடாது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ரொட்டி, தேநீருக்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்து, “ஐயா, எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எத்தனை வரி இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள்.